ஐடல்மீது காதல்: ஜப்பானிய ரசிகர்களின் மனமும் அதைச் சுற்றி எழுந்த தொழிலும்

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். ஜப்பானில் ரசிகர்கள் 'ஐடல்' எனப்படும், ரசிகர்களின் அன்பை நம்பியே மேடையேறும் இளம் பாடகிகளையும், நடிகர்களையும் உண்மையாகவே காதலிக்கிறார்களா? அங்கே மட்டும் ஏன் இவ்வளவு? அவர்கள் ஏமாற்றப்படுகிறார்களா?

முதல் கேள்விக்குப் பதில்: ஆம், உண்மையாகவே காதலிக்கிறார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. ஜப்பானிய ரசிகர்களே இதை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் தேர்ந்தெடுத்து ஆதரிக்கும் கலைஞர் அவருடைய 'ஓஷி'. ஓஷிக்காகப் பணம் சேர்ப்பது, ஊர் ஊராகப் போவது, பிறந்தநாள் கொண்டாடுவது எல்லாம் 'ஓஷிகட்சு'. இதில் ஈடுபடும் பெரும்பாலோருக்குக் காதல் எண்ணம் கிடையாது. ஒரு பெண் மேடையில் வளர்ந்து முன்னுக்கு வருவதைப் பார்க்கும் சந்தோஷம் போதும். இவர்களிலிருந்து தனியாக நிற்பவர்களுக்கு 'கச்சிகோய்' என்று பெயர். நிஜமாகவே காதலில் விழுந்தவர்கள். ஆண் கலைஞர்களை விரும்பும் பெண்கள் தங்களை 'ரியாகோ' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களில் சிலர் தன் ஓஷியையே விரும்பும் இன்னொரு ரசிகையோடு பேச்சே வைத்துக்கொள்ள மாட்டார்கள். சமூக ஊடக அறிமுகக் குறிப்பிலேயே அதை எழுதிவிடுவார்கள், யாரும் தெரியாமல் வந்து நட்பு கேட்கக்கூடாது என்பதற்காக.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மேடையில் இருப்பவரை விரும்புவது எல்லா நாட்டிலும் உண்டு. அங்கே தனித்துவமாக இருப்பது, மேடைக்கும் ரசிகருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைச் சிறு சிறு துண்டாக்கி விலை போட்டு விற்கும் தொழில். காதலில் பாதி அந்தத் தூரத்தால்தான் பிறக்கிறது. அந்தத் தூரத்தை யார் கையாளுகிறார்கள், எதற்காகக் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரே உணர்வு சில இடங்களில் ஆயுள் முழுக்க இனிமையாக நீடிக்கிறது, சில இடங்களில் கத்திக்குத்தில் முடிகிறது.

கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது இணையமோ கைப்பேசியோ கொண்டுவந்த பழக்கம் அல்ல. ஜப்பானின் பாரம்பரிய நாடகமான கபுகியின் மேடையில் பெண்கள் நடிப்பதை, அன்று நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு 1629-இல் தடை செய்தது. அவர்களுக்குப் பதிலாக வந்த இளைஞர்களையும் 1652-இல் தடை செய்தது. இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்: பார்க்க வந்தவர்கள் நடிப்பவர்கள்மீது மோகம் கொண்டார்கள், அடிதடி வரை போனது. 1714-இல் எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டையின் அந்தப்புரத்தில் உயர்பதவியில் இருந்த எஜிமா என்ற பெண், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் யமமுரா அரங்கில் கபுகி பார்த்தார். பிறகு இகுஷிமா ஷிங்கோரோ என்ற நடிகரோடு விருந்தில் உட்கார்ந்தவர், கோட்டைக் கதவு மூடும் நேரத்தைத் தவறவிட்டார். காதல் விவகாரம் என்று குற்றம்சாட்டி எஜிமாவை மலைநாட்டுத் தகாதோவுக்கும் நடிகரை மியாகே தீவுக்கும் நாடு கடத்தினார்கள். யமமுரா அரங்கமே ஒழிக்கப்பட்டது. அதுவரை எடோவில் நான்கு பெரிய அரங்குகள் இருந்தன, அதன்பின் மூன்று. ஒரு ரசிகையின் ஒரு மாலைப்பொழுதுக்கு ஒரு நாடகக் கொட்டகை விலையானது.

மெய்ஜி பேரரசர் காலத்துக் (1868–1912) கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1890-களை ஒட்டி தோக்கியோவில் 'முசுமே கிதாயு' பெரும் புகழோடு இருந்தது. இளம்பெண்கள் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் இசையோடு பழைய கதைகளை உருக்கமாகப் பாடிச் சொல்லும் கலை அது. கேட்க வந்தவர்களில் மாணவர்கள் ஏராளம். கதை உச்சத்தை எட்டும்போது அவர்கள் தாளம் தட்டிக்கொண்டு "தோ சுரு, தோ சுரு" என்று கத்துவார்கள். என்ன செய்வேன், என்ன செய்வேன் என்று அர்த்தம். நிகழ்ச்சி முடிந்ததும் பாடகி ஏறிய ரிக்‌ஷாவின் பின்னாலேயே அடுத்த அரங்கு வரை ஓடுவார்கள். அந்தக் கத்தலை வைத்தே இவர்களுக்கு 'தோசுரு கூட்டம்' என்று பெயர் வந்தது. பாடகிகளில் மிகப் பிரபலமாக இருந்த தகெமோதோ அயனொசுகே 1898-இல் திருமணத்துக்காக மேடையை விட்டு விலகினார். இன்றைய ஐடல் உலகத்தின் சாயல் அங்கேயே இருக்கிறது: இளம் பாடகி, சேர்ந்து குரல் எழுப்பும் ஆண்கள், திருமணம் என்றால் மேடைக்கு விடை.

அந்த விடைபெறல் வழக்கத்துக்கு மிகவும் அறியப்பட்ட உதாரணம் 1970-களின் ஐடல் பாடகி யமகுச்சி மொமொயே. 1980 அக்டோபர் 5 அன்று நிப்பான் புதோகான் அரங்கில் கடைசிக் கச்சேரியை முடித்து, ஒலிவாங்கியை மேடையில் வைத்துவிட்டுப் போனார். வயது 21. தன்னோடு படங்களில் நடித்த மியுரா தோமொகாசுவை அடுத்த மாதமே மணந்தார். அதன்பின் மேடைக்குத் திரும்பவே இல்லை. அதே 1980-இல் அறிமுகமான மட்சுதா செய்கோ 1985-இல் திருமணம் செய்தார், குழந்தை பெற்றார், பாடுவதையும் தொடர்ந்தார். அப்படியும் முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தொழில் அந்த வழியில் போகவில்லை.

போன வழி இது. 2005 டிசம்பர் 8 அன்று பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான அகிமோதோ யசுஷி, தோக்கியோவின் அகிஹபாராவில் ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் ஏ.கே.பி. 48 குழுவைத் தொடங்கினார். 250 பேர் கொள்ளும் சின்ன அரங்கு. முதல் நாள் காசு கொடுத்து வந்த பொதுமக்கள் ஏழு பேர். தொலைக்காட்சியில் மட்டும் பார்க்க முடிந்த ஐடலை, நீங்களே போய்ச் சந்திக்கக்கூடிய ஐடலாக மாற்றுவதுதான் திட்டம். அப்புறம் வந்தது கைகுலுக்கல் நிகழ்ச்சி. சிடி ஒன்றுக்குள் ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்குச் சில விநாடிகள். பேசி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் ஊழியர் தோளைத் தொட்டு நகர்த்திவிடுவார். இன்னும் கொஞ்ச நேரம் வேண்டுமென்றால் இன்னொரு சீட்டு, அதாவது இன்னொரு சிடி. ஒரே பாட்டை நூறு பிரதி வாங்கியவர்கள் இப்படித்தான் உருவானார்கள். 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் நடந்த 'பொதுத் தேர்தல்' இதன் உச்சம். சிடிக்கு ஒரு வாக்கு. யார் முன்வரிசையில் நின்று பாடுவது என்பதை அந்த வாக்குகள் தீர்மானிக்கும். 2017-இல் முதலிடம் பிடித்த சஷிஹாரா ரினோவுக்கு விழுந்தவை 2,46,376 வாக்குகள்.

சிறிய அரங்குகளில், நிலத்தடி அறைகளில் பாடும் குழுக்களிடம் இந்த நெருக்கம் இன்னும் அதிகம். அவர்களை 'நிலத்தடி ஐடல்' என்றே சொல்கிறார்கள். கச்சேரி அரை மணி நேரம் என்றால் அதற்குப் பின் நடக்கும் சந்திப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். பெரும்பாலும் வருமானமே அந்தச் சந்திப்பில்தான். ஆயிரம், இரண்டாயிரம் யென் கொடுத்தால் உடனடிக் கேமராவில் ஐடலோடு ஒரு படம். அதற்கு 'செக்கி' என்று பெயர். படம் காகிதத்தில் மெல்லத் தெளிந்து வரும், அவள் வண்ணப் பேனாவால் அதில் பெயரும் தேதியும் ஒரு இதயமும் வரைவாள். வரைந்து முடிக்கும் வரைதான் பேச்சு. இந்த ஒரு நிமிடத்தில்தான் காதல் பிறக்கிறது என்பேன்.

எப்படி என்று பாருங்கள். முதல் முறை அவள் உங்கள் பெயரைக் கேட்கிறாள். அடுத்த வாரம் போகும்போது பெயர் நினைவிருக்கிறது. அதற்கடுத்த முறை, "அன்றைக்கு இன்டர்வியூ என்றீர்களே, என்ன ஆச்சு?" என்று அவளே கேட்கிறாள். இப்படி ஐடல் தன்னை அடையாளம் வைத்துக்கொள்வதை ரசிகர்கள் 'நின்ச்சி' என்பார்கள். அது கிடைப்பது பெரிய பேறு. மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்குள் தன்னைக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டால் அது 'ரெசு'. வேலையிடத்தில் பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருப்பவர்கூட நம் இன்டர்வியூவைப் பற்றிக் கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான முகங்களுக்கு நடுவே ஒருத்தி நினைவு வைத்துக் கேட்கிறாள். இதற்கு மனம் இளகாதவன் யார்? அந்த ரசிகரைப் பைத்தியம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தன்னை ஒருவர் கவனித்ததற்கு மனிதர்கள் எப்போதும் காட்டுகிற பதில்தான் அவரிடமும் இருக்கிறது.

அவள் நடிக்கிறாள் என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நினைவு வைத்துக்கொள்வது அவள் வேலை. பல ஐடல்கள் ரசிகர்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்துப் படிக்கிறார்கள். கடும் உழைப்பு அது. அந்த உழைப்புக்குள் உண்மையான அக்கறையும் கலந்துதான் இருக்கும், ஒரு நல்ல செவிலியரிடம் இருப்பதைப் போல.

2020-இல் பெருந்தொற்று வந்து கைகுலுக்கல்கள் நின்றபோது இந்த நெருக்கம் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அது திரைக்கு மாறியது, அவ்வளவுதான். வீடியோ அழைப்பில் சில விநாடிப் பேச்சு வந்தது. மாதம் சில நூறு யென் கட்டினால் ஓஷியின் குறுஞ்செய்திகள் வரும் செயலிகளும் பரவின. எல்லாச் சந்தாதாரர்களுக்கும் அனுப்பிய ஒரே செய்திதான், ஆனால் உங்கள் திரையில் தனி உரையாடல் போலத் தெரியும். நடுவே உங்கள் பெயரை மென்பொருள் செருகிவிடும். "சாப்பிட்டீர்களா?" என்ற கேள்விக்கு முன்னால் உங்கள் பெயர் நிற்கும். நேரில் நினைவு வைத்துக் கேட்பதில் ஒரு மனுஷி இருந்தாள். இதில் அவளும் பாதிதான். எனக்கு மிகவும் சங்கடம் தருவது இந்தப் பகுதி.

கச்சேரிகளில் ரசிகர்கள் எழுப்பும் ஒரு முழக்கம் இருக்கிறது, பெயரே 'கச்சிகோய் முழக்கம்'. பாட்டின் நடுவே இசை மட்டும் வரும் இடத்தில் நூறு ஆண்கள் ஒரே குரலில் கத்துவார்கள். ஒன்று சொல்ல வேண்டும், நீ அழகு, பிடிக்கும் பிடிக்கும் ரொம்பப் பிடிக்கும், கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன் என் இளவரசியை, நான் பிறந்ததே உன்னைச் சந்திக்கத்தான், என்னோடு சேர்ந்து வாழ்க்கையில் நட, உலகத்திலேயே உன்னைத்தான் அதிகம் காதலிக்கிறேன். ஒரு முழுத் திருமணக் கோரிக்கை! அதை நூறு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்க, தாளம் தவறாமல் சொல்கிறார்கள். தனியாகச் சொன்னால் அவளைப் பயமுறுத்தும் வார்த்தைகள், கூட்டமாகச் சொல்லும்போது அவளைச் சிரிக்க வைக்கின்றன. காதலை வெளியே கொட்டவும் வேண்டும், அவள்மேல் பாரமாக விழவும் கூடாது. ரசிகர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த அருமையான வழி இது.

தொழில் கண்டுபிடித்த வழி வேறு: ஐடலுக்குக் காதல் தடை. பல நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடும், சில இடங்களில் எழுதாத விதியாக இருக்கும். ரசிகரின் கற்பனை கலையாமல் இருக்க அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கையைப் பூட்டி வைப்பது. 2013 ஜனவரியில் ஏ.கே.பி. 48-இன் மினெகிஷி மினாமி ஓர் இளைஞர் வீட்டில் இரவு தங்கியதை வாரப்பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அவர் தலையை மழித்துக்கொண்டு, அழுதபடி மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியானது. உலகமே பார்த்தது. அப்போது அவருக்கு 20 வயது. அவர் செய்ததில் எதுவும் குற்றமில்லை. அந்தக் காணொளியைக் குழுவின் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஏற்றிய பெரியவர்கள்தான் எனக்கு இன்றும் புரியாதவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், மேலே சொன்ன சஷிஹாரா ரினோ தன் ரசிகராக இருந்த ஒருவரைக் காதலித்ததாக ஒரு வாரப்பத்திரிகை எழுதியது. உடனே அவரை ஃபுகுவோகாவில் இருந்த கிளைக் குழுவான எச்.கே.டி. 48-க்கு மாற்றினார்கள். அவர் மறுத்து மறைந்துவிடவில்லை, அதையே பேச்சாக்கிச் சமாளித்தார். 2013 தேர்தலில் ரசிகர்கள் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். ரசிகர்களால் தாங்க முடியாது என்று தொழில் சொல்லிக்கொண்டிருந்ததை ரசிகர்கள் தாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் அல்ல என்பதும் உண்மை. 2017 ஜூன் 17 அன்று ஓகினாவாவில் நடந்த தேர்தல் மேடையில், 20-ஆம் இடம் பிடித்த சுதோ ரிரிகா நன்றியுரையிலேயே தனக்குத் திருமணம் என்று அறிவித்தார். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவரச் சிடி வாங்கிக் குவித்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கோபம் யார்மேல் திரும்ப வேண்டும் என்பது வேறு கேள்வி. வாக்கையும் காதலையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றவர் அந்தப் பெண் அல்ல.

இந்தத் தடை நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 2015 செப்டம்பரில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், ஆண் ரசிகருடன் விடுதிக்குப் போனது வெளியே தெரிந்ததால் குழுவே கலைந்துபோனது என்ற வழக்கில், 17 வயது முன்னாள் ஐடல் ஒருத்தி 6,50,000 யென் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நான்கே மாதத்தில், 2016 ஜனவரியில், அதே நீதிமன்றத்தின் வேறொரு நீதிபதி எதிர்த்திசையில் தீர்ப்புச் சொன்னார். அதுவும் ரசிகர் ஒருவரைக் காதலித்த 23 வயதுப் பெண் மீதான வழக்கு. நிறுவனம் கேட்டது கிட்டத்தட்ட ஒரு கோடி யென். எதிர்பாலரோடு பழகுவது ஒருவர் தன் வாழ்க்கையைச் செழுமையாக்கிக்கொள்ளும் உரிமையின் பகுதி, நிறுவனத்துக்கு வேண்டுமென்றே கெடுதல் செய்யும் நோக்கம் இருந்தாலன்றி நஷ்டஈடு கேட்க முடியாது என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இரண்டு வழக்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். ரசிகரை விரும்பச் சொல்லி, விரும்புவதை வைத்தே சம்பாதித்த ஒரு தொழில், ஒரு ரசிகரும் ஒரு ஐடலும் நிஜமாகவே ஒருவரையொருவர் நெருங்கியபோது அந்தப் பெண் மேல் வழக்குப் போட்டது.

பெண் ரசிகைகள் பக்கம் கதை ரொம்ப வேறுபடவில்லை. 2015 செப்டம்பர் 28 அன்று பாடகரும் நடிகருமான ஃபுகுயாமா மசஹாரு திருமணத்தை அறிவித்ததும் வேலைக்குப் போக மனமில்லை என்று எத்தனையோ பெண்கள் எழுதினார்கள். அவருடைய நிறுவனத்தின் பங்கு விலையும் மறுநாள் சரிந்தது. 2019 நவம்பரில் அராஷி என்ற ஆண் ஐடல் குழுவின் நினோமியா கசுனாரி மணம் செய்தபோதும் அழுகையும் கோபமும் பெரிதாக எழுந்தன. ஆனால் ஆண் நட்சத்திரம் யாரும் தலையை மழித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டி வரவில்லை.

இனி இருண்ட பகுதி. 2014 மே மாதம் இவாதே மாகாணத்தில் நடந்த கைகுலுக்கல் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தால் வெட்டியதில் இரண்டு ஏ.கே.பி. உறுப்பினர்களும் ஓர் ஊழியரும் காயமடைந்தார்கள். அவன் காதலித்தவன் அல்ல, அந்த மேசையை யார் வேண்டுமானாலும் நெருங்கலாம் என்பதைப் பயன்படுத்தியவன். 2016 மே மாதம் கோகனேய் நகரில் நடந்ததுதான் கச்சிகோயின் கொடிய முகம். 20 வயது மாணவியும் பாடகியுமான ஒருவருக்கு ஒரு ரசிகன் பரிசுகள் அனுப்பினான், அவர் திருப்பி அனுப்பினார், சமூக ஊடகத்தில் விடாமல் தொந்தரவு செய்தான், அவர் போலீசில் சொல்லியும் வைத்திருந்தார். கச்சேரி நடக்கவிருந்த அரங்கின் வாசலில் வைத்துக் கத்தியால் பலமுறை குத்தினான். அவர் உயிர் பிழைத்தார். அவனுக்கு 14 ஆண்டு 6 மாதச் சிறை. அன்றைய சட்டம் தொலைபேசி, மின்னஞ்சல் தொந்தரவைப் பிடித்தது, சமூக ஊடகச் செய்திகளைப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் திருத்தினார்கள். 2019-இல் இன்னொருவன் ஓர் ஐடலின் செல்ஃபியில் அவள் கண்மணியில் தெரிந்த ரயில் நிலையத்தின் பிரதிபலிப்பைப் பெரிதாக்கி, வரைபடச் சேவையின் தெருப்படங்களோடு ஒப்பிட்டு, அந்த நிலையத்தைக் கண்டுபிடித்துக் காத்திருந்து, அவளைப் பின்தொடர்ந்து தாக்கினான்.

இவர்கள் கோடியில் ஒருவர். ஆனால் தூரத்தை விற்றுப் பணம் பார்த்தவர்கள், அந்தத் தூரம் அழியும்போது பாதுகாப்புக்குச் செலவழித்தார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2018 டிசம்பரில் நீகாதாவில் இருந்த கிளைக் குழுவான என்.ஜி.டி. 48-இன் உறுப்பினர் ஒருவரை அவர் வீட்டு வாசலிலேயே இரண்டு ஆண் ரசிகர்கள் தாக்கினார்கள். அடுத்த மாதம் அரங்க மேடையில் ஏறித் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டவர் தாக்கப்பட்ட பெண்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். தகராசுகா இசைநாடகக் குழு 1913-இல் தொடங்கியது. எல்லா வேடமும் பெண்களே. ஆண் வேடமிடும் நட்சத்திரங்கள்மீது பெண்கள் காட்டும் காதல் தீவிரமானது, பலருக்குப் பத்தாண்டுகள் கடந்தும் நீடிப்பது. திருமணமானால் விலக வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு, அதை நான் புகழவில்லை. ஆனால் அங்கே ரசிகைகள் நடந்துகொண்ட முறை வேறு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ரசிகைகளே நடத்தும் சங்கம் இருந்தது. நட்சத்திரம் அரங்குக்கு வரும்போதும் போகும்போதும் சங்கத்தினர் ஒரே நிறத் துணி அணிந்து வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முந்த மாட்டார், யாரும் தொட மாட்டார்கள், கடிதங்களை முறைப்படி கொடுப்பார்கள், ஒரே குரலில் வழியனுப்புவார்கள். விதியை மீறுபவரைச் சங்கமே ஒதுக்கிவிடும். அங்கே தூரம் விற்பனைக்கு இருக்கவில்லை. அதைக் காத்தவர்கள் காதலித்தவர்களே.

நீகாதாவில் இன்னொரு நல்ல உதாரணம்: நெகிக்கோ. உள்ளூர் வெங்காயத்தாளை விளம்பரப்படுத்த 2003-இல் தொடங்கிய சின்னக் குழு. மூன்று உறுப்பினர்களும் ஒருவர் பின் ஒருவராகத் திருமணம் செய்துகொண்டார்கள், குழு தொடர்ந்தது, ரசிகர்களும் வாழ்த்தித் தொடர்ந்தார்கள். காதல் தடை இல்லாவிட்டால் ஐடல் தொழிலே நிற்காது என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

ஏமாற்றப்படுகிறார்களா என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கச்சேரிக்குப் போய், செக்கி எடுத்து, முழக்கம் போட்டு, அவளுக்குத் திருமணம் என்றால் ஒரு வாரம் அழுதுவிட்டு வாழ்த்துச் சொல்பவர் ஏமாறவில்லை. என்ன வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும். சேமிப்பை எல்லாம் கரைத்தவரிடம், இன்னும் கொஞ்சம் செலவழித்தால் அவள் உன்னுடையவள் ஆகலாம் என்று யாராவது உணர்த்தியிருந்தால், அது ஏமாற்றுதான். ஜப்பானிய அரசும் ஓரிடத்தில் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது. 2025 ஜூனில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம், ஆண்கள் பெண் வாடிக்கையாளரோடு பேசி மது பரிமாறும் ஹோஸ்ட் கிளப்புகளில் வாடிக்கையாளரின் காதலைப் பயன்படுத்திக் காசு கறப்பதைத் தடை செய்கிறது. ஆண் ஹோஸ்ட்களுக்காகக் கடனில் மூழ்கிய இளம்பெண்களின் நிலைதான் அதற்குத் தூண்டுதல். ஐடல் தொழிலின் சந்திப்பு மேசைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அங்கே கை வைக்க வேண்டுமென்றால், பள்ளி வயதுப் பெண்களின் ஒப்பந்தங்களில் இருக்கும் காதல் தடை விதியை நீக்குவதுதான் முதலில் செய்ய வேண்டியது என்பேன்.